பல் டாக்டர் கட்டிய வளையம்

1943ஆம் ஆண்டு. நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியில் பிறந்த ராபர்ட் லெட்லி, பதினேழு வயதில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படிக்கச் சேர்ந்தார். அணுவும் கதிர்வீச்சும் உலகத்தையே புரட்டிப் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. படித்தால் இதைத்தான் படிப்பது, வாழ்ந்தால் இயற்பியலாளனாகத்தான் வாழ்வது என்று பையன் முடிவுகட்டி, வீட்டில் போய்ச் சொன்னார். அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. இயற்பியலை நம்பினால் பிழைக்க முடியாது, பல் மருத்துவம் படி என்றார். இருபது வயதுகூட நிரம்பாத மகனால் அப்பாவை எதிர்க்கவும் முடியவில்லை, இயற்பியலை விடவும் முடியவில்லை.

ஒரு சமரசம் பிறந்தது. 1945இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவக் கல்லூரியில் லெட்லி சேர்ந்தார். பகலெல்லாம் ஈறும் பல்லும். பொழுது சாய்ந்தால் கொலம்பியாவுக்கு ஓடி இயற்பியல் வகுப்பு. 1948இல் பல் டாக்டர் பட்டம் வந்தது, 1950இல் கோட்பாட்டு இயற்பியலில் முதுகலைப் பட்டமும் வந்தது. பல் பிடுங்கத் தெரிந்த ஒரே இயற்பியலாளர் இவர்தான் என்று நோபல் பரிசு பெற்ற பேராசிரியர் ஐசிடோர் ரபி வேடிக்கையாகச் சொன்னாராம். நடுவில் 1949இல் கணிதம் படித்த டெரி என்ற பெண்ணுடன் திருமணமும் நடந்தது. ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு பட்டங்களைக் கையில் வைத்துக்கொண்டிருந்த மனிதரை முதலில் தேடி வந்தது மருத்துவமனையும் அல்ல, ஆய்வுக்கூடமும் அல்ல. பட்டாளம்.

கொரியப் போர் தொடங்கியிருந்தது. ராணுவம் லெட்லியின் முன் இரண்டு வழிகளை வைத்தது. தானாக முன்வந்து பல் மருத்துவப் பிரிவில் லெப்டினன்டாகச் சேரலாம். இல்லாவிட்டால் கட்டாய ஆள்சேர்ப்பில் சாதாரணச் சிப்பாயாகப் போர்முனைக்குப் போகலாம். வேண்டா வெறுப்பாகப் படித்த படிப்பு அன்றைக்கு உயிரைக் காத்தது. டெக்சாஸில் பயிற்சி முடிந்ததும் வாஷிங்டனில் இருந்த வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். வேலை, பொய்ப்பல் செட்டுகளை மேம்படுத்துவது. மெல்லும்போது தாடை எப்படி அசைகிறது, எந்தப் பல்லின் மேல் எவ்வளவு விசை விழுகிறது என்று லெட்லி சமன்பாடுகளாக எழுதிப் பார்த்தார். கணிதத்தால் பொய்ப்பல்லை நிலைநிறுத்தும் ராணுவ டாக்டரைப் பற்றிப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. 1952இல் அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனம் அவரைப் பல் பொருள் ஆய்வுப் பிரிவுக்கு எடுத்துக்கொண்டது. அதே நிறுவனத்தில் டெரிக்கும் வேலை கிடைத்திருந்தது. லெட்லியின் வாழ்க்கையைத் திருப்பியது அவருடைய வேலை அல்ல, மனைவியின் வேலை.

அந்த நிறுவனத்திடம் சீயாக் என்ற கணினி இருந்தது. 1950இல் ஓடத் தொடங்கிய அது, நிரலைத் தன் நினைவகத்திலேயே வைத்துக்கொண்டு இயங்கிய அமெரிக்கக் கணினிகளில் முன்னோடி. நினைவகம் என்பது பாதரசம் நிரப்பிய குழாய்கள். அவற்றில் தொடக்கத்தில் 512 சொற்கள்தான் அடங்கும். அதற்கு நிரல் எழுதியவர்களில் டெரியும் ஒருவர். அவர் வீட்டுக்கு எடுத்து வந்த நிரல்களையும் கையேடுகளையும் இரவில் லெட்லி புரட்டினார். முதலில் வெறும் ஆர்வம்தான். பிறகு தானே நிரல் எழுதத் தொடங்கினார். பல் பிரிவில் பணிபுரிந்த டாக்டர், யாரும் பாடம் நடத்தாமலே, சமையலறை மேசையளவு தூரத்தில் இருந்த ஆசிரியையின் துணையில் கணினிக்காரர் ஆனார். ஆகும்போதே அவருக்குள் ஒரு எண்ணம் முளைத்தது.

மனித உடலில் நடக்கும் எதையும் இயற்பியல் சமன்பாடாக எழுதிவிடலாம். ஆனால் அந்தச் சமன்பாடுகள் காகிதத்தில் தீர்க்க முடியாத அளவுக்குச் சிக்கலானவை. பொய்ப்பல் ஆய்விலேயே அவர் அதில் முட்டி நின்றிருந்தார். மனிதக் கையால் போட முடியாத கணக்கை இந்த எந்திரம் போடுமானால் மருத்துவத்தையே கணக்கால் அணுகலாமே! 1950களின் தொடக்கத்தில் கணினி என்றால் பீரங்கிக் குண்டின் பாதை, அணுகுண்டு, மக்கள்தொகைக் கணக்கு என்றுதான் பேச்சு. அதை நோயாளியின் கட்டிலருகே கொண்டுபோக நினைத்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தார்கள். அந்த நினைப்புக்குத் துறையும் கிடையாது, பெயரும் கிடையாது. லெட்லி அதில் இறங்க ஆயத்தமானபோது, 1954இல், அரசின் நிதிவெட்டில் அவர் வேலை போனது.

வேலை போனவருக்கு, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் ராணுவத்துக்காக நடத்திய செயல்முறை ஆய்வு அலுவலகத்தில் இடம் கிடைத்தது. அங்கே அவர் வழியில் குறுக்கிட்டவர் ஜார்ஜ் கேமாவ். பெருவெடிப்புக் கோட்பாட்டைத் தூக்கிப் பிடித்த அதே பேரறிஞர். டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருள் வடிவத்தை வாட்சனும் கிரிக்கும் 1953இல் வெளியிட்டதிலிருந்து கேமாவுக்கு ஒரே ஒரு புதிர்தான் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. நான்கே எழுத்துகள் கொண்ட டி.என்.ஏ., இருபது அமினோ அமிலங்களை எப்படிக் குறிக்கிறது? அந்தப் புதிரை விடுவிக்க அவர் ஒரு சங்கமே வைத்தார். பெயர் ஆர்.என்.ஏ. டை கிளப். அமினோ அமிலத்துக்கு ஒருவர் என்று இருபது பேர். ஒவ்வொருவருக்கும் கழுத்தில் கட்ட சுருள் வேலைப்பாடு செய்த டை. வாட்சன், கிரிக், ஃபெய்ன்மன் உட்கார்ந்த அந்தச் சபையில் அஸ்பராஜின் என்ற அமிலத்தின் இருக்கை பல் டாக்டர் லெட்லிக்குக் கிடைத்தது.

லெட்லி கையில் எடுத்த ஆயுதம் குறியீட்டுத் தருக்கம். சாத்தியமான எல்லாக் குறியீட்டு முறைகளையும் கணினியிடம் கொடுத்து, பொருந்தாதவற்றை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் எஞ்சுவதுதான் விடை. முறை பழுதில்லாதது, அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் ஏட்டில் 1955இல் வெளியானது. ஆனால் கணக்குப் பார்த்தபோது ஒரு சேதி தெரிந்தது. அன்றைய மிக வேகமான கணினி அந்த வேலையை முடிக்கப் பல ஆயிரம் ஆண்டுகள் ஆகும். புதிரின் முதல் முடிச்சு 1961இல் அவிழ்ந்தது. அவிழ்த்தது கணினியும் அல்ல, டை கிளப்பும் அல்ல; சோதனைக் குழாயில் வேலை செய்த நிரன்பெர்க்கும் மத்தாயும். லெட்லிக்கு இது தோல்விதான். என்றாலும் அதே தருக்கத்தை வேறொரு பூட்டில் போட்டால் திறக்கும் என்று அவருக்குப் பட்டது. அந்தப் பூட்டு, டாக்டரின் தலைக்குள் இருந்தது.

ஒரு டாக்டர் நோயை எப்படிக் கண்டுபிடிக்கிறார்? அனுபவம், கைராசி, உள்ளுணர்வு என்றெல்லாம் சொல்லிவந்தார்கள். 1956இல் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பேராசிரியராகச் சேர்ந்திருந்த லெட்லி, அந்த உள்ளுணர்வுக்குள்ளே ஒரு கணக்கு ஓடுகிறது என்று நம்பினார். மின்பொறியியல் தெரிந்த கதிரியல் மருத்துவர் லீ லஸ்டெட் அவரோடு சேர்ந்தார். இருவரும் எழுதிய கட்டுரை 1959 ஜூலையில் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. மருத்துவத் தகவலியல் என்று இன்று சொல்லப்படும் துறையின் அடிக்கல்லை இந்தக் கட்டுரையில்தான் பலரும் காண்கிறார்கள். அதன் சாரம் எளிமையானது. அறிகுறிகளையும் நோய்களையும் முதலில் தருக்கத்தால் இணைக்க வேண்டும். எந்த நோய் இருக்கவே முடியாது என்பது அதில் தெரிந்துவிடும். மிச்சமிருப்பவற்றில் எதற்கு வாய்ப்பு அதிகம் என்பதை நிகழ்தகவு சொல்லும். ஒரே காய்ச்சலும் தடிப்பும், அம்மை பரவும் பருவத்தில் ஒரு பொருளையும் மற்ற மாதங்களில் வேறொரு பொருளையும் தருமே, அந்த வேறுபாட்டை எண்ணால் எழுதும் வழி அது. கடைசியாக, எந்தச் சிகிச்சையில் எவ்வளவு நன்மை, எவ்வளவு ஆபத்து என்று எடைபோடுவது.

கணினி கிடைக்காத டாக்டர்களையும் அவர்கள் விட்டுவிடவில்லை. ஓரத்தில் வரிசையாகத் துளையிட்ட அட்டைகளை வைத்தே இதைச் செய்து பார்க்கலாம் என்று காட்டினார்கள். நோயாளிக்கு ஓர் அட்டை. இருக்கிற அறிகுறிக்கு நேரான துளையை விளிம்புவரை வெட்டிவிட வேண்டும். அட்டைக் கட்டுக்குள் ஒரு நீளமான ஊசியைச் செருகித் தூக்கினால் அந்த அறிகுறி உள்ளவர்களின் அட்டைகள் மட்டும் கீழே உதிரும். இந்த ஏற்பாட்டில் எனக்கு இருக்கும் மரியாதை பெரிது. எட்டாத எந்திரத்தைப் பற்றி எழுதும்போதும், அது இல்லாதவனுக்கு என்ன கொடுக்கலாம் என்று யோசித்த மனம் அது. மருத்துவ உலகம் கட்டுரையை ஆவலோடு படித்தது. டாக்டர்களின் இடத்தைக் கணினி பிடித்துக்கொள்ளுமோ என்ற பேச்சும் உடனே கிளம்பியது. லெட்லிக்கோ வேறு கவலை. இந்த ஆய்வை எந்தக் கூரையின் கீழ் உட்கார்ந்து செய்வது?

கூரையை அவரே போட்டார். 1960இல் தேசிய உயிரிமருத்துவ ஆய்வு நிறுவனம் என்று லாபநோக்கில்லாத ஓர் அமைப்பைத் தொடங்கினார். அங்கே வந்து சேர்ந்தவர் மார்கரெட் டேஹாஃப் என்ற வேதியியலாளர். புரதங்களின் அமினோ அமில வரிசைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெளிவந்துகொண்டிருந்த நாளில், துண்டு துண்டாகக் கிடைத்த வரிசைகளைக் கணினியால் ஒன்றுசேர்க்க அவரும் லெட்லியும் நிரல் எழுதினார்கள். 65 புரதங்களின் வரிசைகளைத் தொகுத்து 1965இல் டேஹாஃப் வெளியிட்ட புரத அட்லஸ், இன்றைய மரபணுத் தரவுத்தளங்களுக்கெல்லாம் மூத்த அக்கா. ஒவ்வோர் அமினோ அமிலத்துக்கும் ஒற்றை எழுத்து என்று உலகம் இன்று பயன்படுத்தும் குறியீடும் அவர் பரப்பியதுதான். டேஹாஃப் கதை தனியாகவே எழுதப்பட வேண்டியது.

லெட்லியின் கண் அப்போது வேறொன்றின் மேல் விழுந்திருந்தது. படங்கள். நுண்ணோக்கியில் எடுத்த குரோமோசோம் படங்களை ஆட்கள் உட்கார்ந்து வெட்டி ஒட்டி, அளந்து, வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு படத்துக்கே நெடுநேரம் பிடித்தது. படச்சுருளை ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் வருடி, புள்ளி புள்ளியாக எண்களாக்கிக் கணினிக்குள் அனுப்பும் ஃபிடாக் என்ற கருவியை லெட்லியின் குழு செய்தது. உடலின் ஒரு படத்தை எண்களாக்கினால் அதன் மேல் எந்தக் கணக்கையும் போடலாம் என்பது அந்தக் குழுவின் கைகளுக்குப் பழகிப்போனது. இந்தப் பழக்கம் ஒருநாள் அவர்களுக்குச் சோறு போடப்போகிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது.

1970இல் நிறுவனம் வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு இடம்பெயர்ந்தது. மூன்றே ஆண்டுகளில் பழைய விதி திரும்பியது. அரசு ஆய்வு நிதியை வெட்டியது. லெட்லி அனுப்பிய திட்டங்களுக்குப் பணம் வரவில்லை. முதல் நிதிவெட்டில் போனது அவர் ஒருவரின் வேலை. இந்த முறை அவரை நம்பி ஒரு கூட்டமே இருந்தது: பொறியாளர்கள், நிரலாளர்கள், அவர்களின் குடும்பங்கள். சம்பளம் கொடுக்க வழியில்லை. நாற்பத்தேழு வயது லெட்லி, மருத்துவமனையின் ஒவ்வொரு துறையாக ஏறி இறங்கி, எங்களால் செய்து தர முடிந்த வேலை ஏதாவது உண்டா என்று விசாரித்தார். நரம்பியல் அறுவைத் துறையில் ஒரு பேச்சு காதில் விழுந்தது. லண்டனிலிருந்து ஒரு கருவியை வாங்க வேண்டும் என்று அங்கே எல்லாரும் துடித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கருவி பிறந்த இடம் ஈ.எம்.ஐ. நிறுவனம், பீட்டில்ஸ் குழுவின் இசைத்தட்டுகளை வெளியிட்ட அதே நிறுவனம். அதன் பொறியாளர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டுக்கு 1967இல் ஒரு யோசனை தோன்றியது. எக்ஸ்ரே படத்தின் குறை எல்லாருக்கும் தெரிந்ததுதான். முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒரே நிழலாக ஒன்றின் மேல் ஒன்று விழுந்துவிடும். மண்டையோட்டின் நிழலில் மூளை காணாமலே போகும். அதே கதிரைச் சுற்றிலும் பல கோணங்களிலிருந்து பாய்ச்சி, ஒவ்வொரு கோணத்திலும் எவ்வளவு கதிர் தப்பி வந்தது என்று அளந்து, அந்த எண்களைக் கணினியிடம் கொடுத்தால், வெள்ளரிக்காயைக் குறுக்கே அரிந்து பார்ப்பதுபோல் தலையின் ஒரு குறுக்குவெட்டைப் பார்க்கலாம் அல்லவா? முதல் சோதனைக்கு ஒன்பது நாட்கள் பிடித்தன. கசாப்புக் கடையிலிருந்து மாட்டு மூளையை வாங்கி லண்டன் வழியாகத் தூக்கிச் சுமந்தார் ஹவுன்ஸ்ஃபீல்ட். 1971 அக்டோபர் 1ஆம் தேதி, விம்பிள்டனில் இருந்த அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் ஒரு பெண்மணியின் தலை அந்தக் கருவிக்குள் வைக்கப்பட்டது. மூளையில் இருந்த கட்டி, கத்தி படாமலே திரையில் தெரிந்தது.

இதில் விந்தை என்னவென்றால், இந்தக் கணக்கைப் பலர் தனித்தனியே போட்டு வைத்திருந்தார்கள். ஆஸ்திரியக் கணிதர் யோஹான் ராடான் 1917இலேயே அதன் அடிப்படைத் தேற்றத்தை எழுதிவிட்டார். எந்த டாக்டரும் படிக்கவில்லை. கேப் டவுன் மருத்துவமனையில் 1956இல் கதிர்வீச்சுப் பணியைக் கவனிக்கப் போன ஆலன் கார்மாக் என்ற இயற்பியலாளர், ராடானை அறியாமலே அதைப் புதிதாகக் கண்டுபிடித்து, 1963இலும் 1964இலும் கட்டுரைகளாக வெளியிட்டார். பிரதி கேட்டு எழுதியவர்கள் மிகச் சிலர்; அவர்களில் ஒன்று ஸ்விட்சர்லாந்தின் பனிச்சரிவு ஆய்வு மையம்! ஹவுன்ஸ்ஃபீல்டுக்கு இவர்களில் எவரையும் தெரியாது. லண்டனில் முதல் நோயாளி படுப்பதற்கு ஒரு மாதம் முன்னால், 1971 செப்டம்பரில், அமெரிக்க அறிவியல் ஏடு ஒன்றில் இதே சிக்கலுக்கு இன்னொரு தீர்வு வெளியாகியிருந்தது. அதை எழுதியவர்களில் ஒருவர், சென்னை கிண்டியில் பதினெட்டு ஆண்டுகள் ஆய்வு நடத்தியவர்.

பெயரின் முதலெழுத்திலேயே கோபாலசமுத்திரம் என்னும் ஊரைச் சுமந்த ஜி.என். ராமச்சந்திரன்தான் அவர். கொலாஜன் புரதத்தின் முப்புரிச் சுருளைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தபடி 1954இல் உலகுக்குச் சொன்னவர். பெங்களூருக்குப் போன பிறகு, ஏ.வி. லட்சுமிநாராயணனுடன் சேர்ந்து, எக்ஸ்ரே நிழல்களிலிருந்து உள்ளுருவத்தைக் கட்டியெழுப்பும் கணக்கைச் சுருக்கிக் காட்டினார். ஃபூரியர் மாற்றம் என்ற சுற்றுவழி அவர்களுக்குத் தேவைப்படவில்லை. இவர்கள் காட்டிய வழியில் கணினிக்கு வேலை குறைவு, பிழையும் குறைவு. ஈ.எம்.ஐ.யின் முதல் கருவி, விடையை ஊகித்துத் திருத்தித் திருத்தி நெருங்கும் முறையில் ஓடியது. அதை விரைவிலேயே பின்னுக்குத் தள்ளியது இந்த வகைக் கணக்குதான். அதன் வடிகட்டிக்கு ‘ராம்-லாக்’ என்று இருவர் பெயரையும் சேர்த்தே உலகம் பெயர் வைத்திருக்கிறது. கணக்குத் தயார். கருவியும் லண்டனில் தயார். ஜார்ஜ்டவுனில் இல்லாதது ஒன்றுதான். பணம்.

கருவியின் விலை ஏறத்தாழ 5 லட்சம் டாலர். நரம்பியல் அறுவை நிபுணர் ஆல்ஃபிரட் லூசன்ஹாப்பும் அவருடைய துறையினரும் ஆசைப்பட்டார்கள். பல்கலைக்கழகத்தால் அவ்வளவு புரட்ட முடியவில்லை. லெட்லி அங்கேதான் புகுந்தார். அதை நான் செய்து தருகிறேன், பாதி விலையில், இரண்டரை லட்சம் டாலருக்கு என்றார். எக்ஸ்ரே கருவி எதையும் அதுவரை அவர் கட்டியதில்லை. ஆனால் அவரிடம் கதிர்வீச்சை அறிந்த இயற்பியல் இருந்தது, உடலை அறிந்த மருத்துவப் படிப்பு இருந்தது, படத்தை எண்ணாக்கப் பழகிய குழு இருந்தது, அந்தக் குழுவுக்கு மாதச் சம்பளம் தர வேண்டிய நெருக்கடியும் இருந்தது. பல்கலைக்கழகம் சரி என்றது.

வேலை தொடங்கியதும் லெட்லிக்கு ஒரு கேள்வி எழுந்தது. லண்டன் கருவி ஏன் தலையோடு நின்றுவிட்டது? காரணம் தண்ணீர். ஹவுன்ஸ்ஃபீல்டின் முதல் கருவியில் நோயாளியின் தலையை ஒரு ரப்பர் உறைக்குள் நுழைக்க வேண்டும். சுற்றிலும் தண்ணீர்ப் பெட்டி. எந்தப் பக்கமிருந்து கதிர் வந்தாலும் அது கடக்கும் தடிமன் ஒரே அளவாக இருக்கட்டும், அளவீடு எளிதாகட்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. தலையைத் தண்ணீர்ப் பெட்டிக்குள் நுழைக்கலாம். மார்பை, வயிற்றை எப்படி நுழைப்பது? போட்டியாளரின் கருவியை அப்படியே நகலெடுத்துக் கொடுத்திருந்தாலே ஒப்பந்தம் நிறைவேறியிருக்கும், சம்பளமும் கிடைத்திருக்கும். லெட்லி தண்ணீரைத் தூக்கி எறிந்தார்.

காற்றிலும் திசுவிலும் எலும்பிலும் கதிர் படும் பெரிய ஏற்ற இறக்கத்தை மின்னணுவியலும் கணக்கும் சமாளிக்கட்டும் என்று துணிந்தார். தண்ணீர்ப் பெட்டி போனதும் கருவியின் நடுவில் அகன்ற வெற்றிடம் கிடைத்தது. அது ஒரு வளையம் ஆனது. ஆள் ஒரு பலகையில் படுப்பார்; பலகை வளையத்துக்குள் நகரும்; எக்ஸ்ரே குழாயும் எதிரே உணர்கருவியும் பக்கவாட்டில் ஓடி, ஒரு பாகை திரும்பி, மறுபடி ஓடும். உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை எந்த இடத்திலும் வளையம் நிற்கலாம். சில மாதங்களில் குழு அதைக் கட்டி முடித்தது. கொடுத்த வாக்கு, தலையைப் பார்க்கும் கருவி. வந்து நின்றதோ, முழு மனிதனையும் பார்க்கும் கருவி. இனி அது வேலை செய்ய வேண்டும்.

1974 பிப்ரவரியில் அது ஜார்ஜ்டவுனில் இயங்கத் தொடங்கியது. ஒரு வெட்டை எடுக்கச் சில நிமிடங்கள் ஆயின. மூச்சு விட்டால் படம் கலங்கியது. இருந்தாலும் திரையில் எழுந்த காட்சியை அதுவரை எந்த டாக்டரும் உயிருள்ள உடலில் கண்டதில்லை. நுரையீரலின் இரு பக்கங்களும், ஈரலும் சிறுநீரகமும் முதுகெலும்பும் அதனதன் இடத்தில், ஒன்றின் நிழல் இன்னொன்றின் மேல் விழாமல் நின்றன. உடற்கூறு வகுப்பில் பிணத்தை அறுத்தால் மட்டுமே தெரிந்த அமைப்பு அது. அரசு மருத்துவ ஆய்வு நிறுவனத்தின் நரம்புக் கதிரியலாளர் ஜியோவானி டி கீரோ, லூசன்ஹாப் ஆகியோருடன் சேர்ந்து லெட்லி எழுதிய கட்டுரை 1974 அக்டோபரில் அதே ‘சயின்ஸ்’ இதழில் வெளியானது. காப்புரிமை 1975 நவம்பரில் கிடைத்தது. கருவிக்கு வைத்த பெயர் ஆக்டா.

லெட்லி ஒரு சிறு நிறுவனம் தொடங்கி, 3 லட்சம் டாலர் விலையில் ஆக்டாவை விற்றார். கேட்பவர்கள் பெருகினார்கள், ஓர் ஆய்வுக்கூடத்தால் அத்தனை பேருக்கும் செய்து கொடுக்க இயலவில்லை. 1975இல் மருந்து நிறுவனமான ஃபைசர் 15 லட்சம் டாலருக்கு உரிமையை வாங்கியது. ஈ.எம்.ஐ.யும் முழு உடல் கருவியோடு களத்தில் குதித்தது. பெரிய மின்சாதன நிறுவனங்கள் பின்னாலேயே வந்தன. நிமிடங்கள் நொடிகளாகச் சுருங்கின. அந்தப் போட்டியில் முன்னோடிகள் இருவருமே தாக்குப்பிடிக்கவில்லை. 1980களின் தொடக்கத்துக்குள் ஈ.எம்.ஐ.யும் ஃபைசரும் இந்தத் தொழிலை விட்டே வெளியேறிவிட்டன. ஆக்டா என்ற பெயரும் அவர்களோடு மறைந்தது. வளையம் மட்டும் தங்கிவிட்டது.

அந்த வளையத்துக்கு இன்று சி.டி. ஸ்கேன் என்று பெயர். மாவட்டத் தலைநகர்களின் அரசு மருத்துவமனைகளில் இருக்கிறது, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து ஸ்கேன் சென்டரிலும் இருக்கிறது. வயிற்றுவலி என்று போனாலும், பைக்கிலிருந்து விழுந்தாலும், புற்றுநோய் எதுவரை பரவியிருக்கிறது என்று அறிய வேண்டுமானாலும் டாக்டர் சீட்டில் எழுதுவது அதைத்தான். கொரோனாவின் இரண்டாம் அலையில் நெஞ்சு சி.டி. எடுத்து 25க்கு எத்தனை ஸ்கோர் என்று குடும்பங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்ததே, தலையோடு நின்ற கருவியால் அதைச் சொல்லியிருக்க முடியாது. நெஞ்சுக்குள் பார்க்க முதலில் வழி திறந்தது, சம்பளம் போட வழி தேடிய ஒரு பல் டாக்டரின் வளையம்.

1979இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கார்மாக்குக்கும் போனது. தகுதியான தேர்வு; அதில் குறை சொல்ல எதுவுமில்லை. லெட்லியை அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர்களின் புகழ்க்கூடம் 1990இல் சேர்த்துக்கொண்டது. 1997இல் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் கிடைத்தது. எண்பது வயதைத் தாண்டியும் தன் நிறுவனத்தை நடத்தி, 2010இல் ஓய்வுபெற்று, 2012 ஜூலையில் மேரிலாந்தில் காலமானார். உடலையும் கணினியையும் இணைக்கும் துறைக்கு அவர் தந்த பெரிய கொடை எது என்று கேட்டால், ஆக்டாவைவிட 1959ஆம் ஆண்டுக் கட்டுரையைத்தான் நான் முதலில் வைப்பேன். டாக்டரின் யோசனைக்குள் ஒரு கணக்கு இருக்கிறது என்று நிறுவியது அது. கருவி வந்தது பிறகு; கருவியைக் கட்டும் துணிச்சல் பிறந்தது அங்கே. அந்த முதல் ஆக்டா இன்று வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. நம் பள்ளி, கல்லூரிப் பாடநூல்களில் சி.டி. ஸ்கேன் பற்றிய பகுதி எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த ராண்ட்கனில் தொடங்கி ஹவுன்ஸ்ஃபீல்டோடு முடிந்துவிடுவது போதாது. அடுத்த பதிப்பில் லெட்லியின் பெயரையும், கூடவே ராமச்சந்திரன், லட்சுமிநாராயணன் பெயர்களையும் சேர்த்து அச்சிட வேண்டும்.